செனெத் விவாதங்கள்: மருத்துவமனை, பல் மருத்துவம், ரயில் குறித்து அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வேல்ஸ் நாடாளுமன்றமான செனெத்தின் அவைக்குறிப்புகளைத் தொடர்ந்து படிப்பவர்களுக்கு மூன்று குறைகள் மனப்பாடமாகிவிடும். அறுவைச் சிகிச்சைக்கு அழைப்பு வரவில்லை, தேசிய சுகாதார சேவை எனும் பொதுச் சேவையில் பல் மருத்துவர் கிடைக்கவில்லை, ரயில் வரவில்லை அல்லது இரண்டே பெட்டிகளோடு வந்தது. பிரிட்டனுக்குப் படிக்கவும் வேலைக்கும் சென்ற தமிழர்களும், அதிகாரப் பகிர்வைக் கவனித்துவரும் பிறரும் இந்த விவாதங்களைப் பற்றிக் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே விடை தரப்பட்டுள்ளது.

செனெத் எப்போது, எப்படி உருவானது?

1997 செப்டம்பர் 18 அன்று வேல்ஸில் நடந்த பொதுவாக்கெடுப்பில் 50.3 விழுக்காட்டினர் தனி அவைக்கு ஆதரவளித்தனர். வெற்றிக்கும் தோல்விக்கும் இடையே இருந்தவை வெறும் 6,721 வாக்குகள். 1999இல் 60 உறுப்பினர்களுடன் கூடிய அந்த அவையால் தொடக்கத்தில் முழு அளவிலான சட்டம் இயற்ற முடியாது. 2011 மார்ச்சில் நடந்த இரண்டாம் வாக்கெடுப்பில் 63.5 விழுக்காட்டினர் ஆம் என்ற பிறகே லண்டன் வேல்ஸுக்கு ஒப்படைத்த துறைகளில் சட்டமியற்றும் அதிகாரம் முழுமையாக வந்தது. 2020 மே மாதம் ‘செனெத் கம்ரி’, அதாவது வேல்ஸ் நாடாளுமன்றம் என்ற பெயர் நடைமுறைக்கு வந்தது. 2021 தேர்தலில் 16 வயது நிறைந்தோரும் வாக்களித்தனர்.

விவாதம் நடைமுறையில் எப்படி நடக்கிறது?

வேல்ஸ் தலைநகரான கார்டிஃபில், விரிகுடாவின் கரையில், கட்டடக் கலைஞர் ரிச்சர்ட் ரோஜர்ஸ் வடிவமைத்து 2006 மார்ச் 1 அன்று திறக்கப்பட்ட கட்டடத்தில் அவை கூடுகிறது. லண்டனில் ஆளுங்கட்சியும் எதிர்க்கட்சியும் எதிரெதிர் வரிசைகளில் அமர்வதைப் போலன்றி, இங்கே வட்டமாக அமர்கிறார்கள். பார்வையாளர்கள் மேல்மாடத்திலிருந்து கண்ணாடி வழியாகக் கீழே பார்க்கலாம். உறுப்பினர்கள் வேல்ஸ் மொழியிலோ ஆங்கிலத்திலோ பேசலாம். வேல்ஸ் மொழி தெரியாதவர்கள் செவிப்பொறியை எடுத்துக் காதில் மாட்டிக்கொண்டால் மொழிபெயர்ப்பு கேட்கும்.

2021 முதல் 2026 வரையிலான செனெத்தில் முழு அவை செவ்வாயும் புதனும் கூடியது. செவ்வாய்க்கிழமை பிற்பகல் முதலமைச்சரிடம் கேள்வி நேரம், அதன்பின் அமைச்சர்களின் அறிக்கைகள். புதன்கிழமை பெரும்பாலும் எதிர்க்கட்சிகளின் தீர்மானங்களுக்கும் தனி உறுப்பினர்களின் குறுவிவாதங்களுக்கும் ஒதுக்கப்பட்டது. தொலைக்காட்சிச் செய்தியில் இடம்பெறுவது செவ்வாய்க்கிழமைதான் என்றாலும், விவரம் தேடுபவர்கள் புதன்கிழமைக் குறிப்புகளையும் குழு விசாரணைகளையும் படிப்பதே நல்லது. முதலமைச்சரிடம் கேட்கப்படும் கேள்வியில் பாதி கட்சி மாநாட்டுக்கான ஒத்திகை. ஒரு குழுவின் முன், ஒரு பகுதியின் மருத்துவமனைகளை நடத்தும் மருத்துவ வாரியத்தின் தலைமை நிர்வாகி இரண்டு மணி நேரம் உட்கார வைக்கப்படும்போதுதான் எண்கள் வெளியே வருகின்றன.

மருத்துவம், பல் மருத்துவம், ரயில் மூன்றிலும் செனெத்துக்கு ஒரே அளவு அதிகாரம் உண்டா?

இல்லை. இந்த விவாதங்களில் எழும் குழப்பங்களுக்குப் பெரும்பாலும் இதுவே காரணம். மூன்றும் ஒரே அவையில், ஒரே கோபத்தோடு பேசப்பட்டாலும் பதில் சொல்லும் அமைச்சரின் கையில் இருக்கும் அதிகாரம் ஒவ்வொன்றிலும் வேறு.

மருத்துவமனைகள் முழுக்க வேல்ஸ் அரசின் பொறுப்பு. வாரியங்களை அமைப்பதும் கலைப்பதும், அவற்றுக்குப் பணம் தருவதும், இலக்குகளை வகுப்பதும் கார்டிஃபில்தான். பல் மருத்துவமும் சட்டப்படி அப்படியே. ஆனால் பெரும்பாலான பல் மருத்துவர்கள் அரசு ஊழியர்கள் அல்லர். தமக்கென மருத்துவகம் வைத்திருக்கும் அவர்கள் தேசிய சுகாதார சேவையோடு ஒப்பந்தம் செய்துகொண்டு பணியாற்றுகிறார்கள், பிடிக்கவில்லை என்றால் ஒப்பந்தத்தைத் திருப்பித் தந்துவிட்டுத் தனியார் நோயாளிகளோடு மட்டும் தொழில் நடத்தலாம். ஆகவே அங்கே அமைச்சரால் ஆணையிட முடியாது, பேரம்தான் பேச முடியும். ரயிலிலோ அதிகாரமே இரண்டாகக் கிடக்கிறது. வண்டிகளை இயக்குவது வேல்ஸ் அரசின் நிறுவனம். தண்டவாளங்களில் பெரும்பகுதி லண்டன் அரசின் பொறுப்பிலுள்ள நெட்வொர்க் ரெயிலுடையது. 2006ஆம் ஆண்டின் வேல்ஸ் அரசுச் சட்டம், ரயில் சேவைகள் பற்றிய சட்டமியற்றும் அதிகாரத்தை லண்டன் நாடாளுமன்றமான வெஸ்ட்மின்ஸ்டருக்கே ஒதுக்கி வைத்திருக்கிறது.

எனவே ஒரு விவாதத்தைப் படிக்கும்போது, குற்றச்சாட்டு நியாயமானதா என்பதற்கு முன், பதில் சொல்பவரால் அதைச் சரிசெய்ய முடியுமா என்று பார்க்க வேண்டும். எதிர்க்கட்சிகள் இந்த வேறுபாட்டைச் சில நேரம் வேண்டுமென்றே மறைக்கின்றன. ஆளுங்கட்சி அதையே கேடயமாகப் பிடித்துக்கொள்வதும் உண்டு.

இதற்கெல்லாம் பணம் எங்கிருந்து வருகிறது?

பெரும்பகுதி லண்டன் கருவூலத்திலிருந்து ஒரே மொத்த மானியமாக வருகிறது. இங்கிலாந்தில் ஒரு துறைக்குச் செலவு கூடினால், அத்துறை வேல்ஸில் எந்த அளவுக்கு ஒப்படைக்கப்பட்டுள்ளது என்பதையும் மக்கள்தொகை விகிதத்தையும் வைத்து மானியம் கூடும். இதற்குப் பார்னெட் சூத்திரம் என்று பெயர். வேல்ஸ் மக்கள் சராசரியாக வயதில் மூத்தவர்கள், நோய் மிகுந்தவர்கள் என்பதை அச்சூத்திரம் கணக்கில் கொள்ளவில்லை என்று நீண்டகாலம் வாதாடிய பிறகு, 2016 டிசம்பரில் ஏற்பட்ட நிதி உடன்பாட்டில் தேவை சார்ந்த கூடுதல் விகிதம் ஒன்று சேர்க்கப்பட்டது.

2019 ஏப்ரல் முதல் வருமான வரியின் ஒவ்வொரு படியிலும் பவுண்டுக்குப் பத்துப் பென்ஸைத் தாமே நிர்ணயிக்கும் அதிகாரமும் வேல்ஸுக்கு வந்தது. அடுத்தடுத்த அரசுகள் ஆண்டுதோறும் அதை அதே பத்தில் நிறுத்தின. லண்டன் போதுமான பணம் தருவதில்லை என்று ஒவ்வொரு வாரமும் பேசிக்கொண்டே, தன்னிடம் இருக்கும் வரி அதிகாரத்தைத் தொடாமல் வைத்திருந்ததற்கான அரசியல் காரணம் புரிகிறது. ஆனால் புகாரின் வலு அதனால் சற்றுக் குறைகிறது என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

செலவில் பாதிக்கு மேல் சுகாதாரமும் சமூகப் பராமரிப்பும் எடுத்துக்கொள்கின்றன. ரயிலுக்கும் பள்ளிக்கும் உள்ளாட்சிகளுக்கும் மிஞ்சுவதில்தான் பங்கீடு. மருத்துவமனைக்குக் கூடுதல் நிதி கேட்கும் தீர்மானம், எந்தத் துறையிலிருந்து அதை எடுப்பது என்ற கேள்விக்குப் பெரும்பாலும் விடை தருவதில்லை.

மருத்துவமனைக் காத்திருப்புப் பட்டியல் ஏன் இவ்வளவு நீளமாக இருக்கிறது?

2024 இறுதியில் பட்டியல் 8 லட்சத்தைத் தொட்டது. மக்கள்தொகையே ஏறத்தாழ 31 லட்சம்தான் என்பதால் கேட்பவருக்குத் தூக்கிவாரிப் போடும். அந்த எண் ஆட்களைக் குறிப்பதன்று, சிகிச்சைக் கோரிக்கைகளைக் குறிப்பது. முழங்கால் மாற்றத்துக்கும் கண்புரைக்கும் காத்திருக்கும் ஒரே மூதாட்டி அதில் இரண்டு முறை இருப்பார். எதிர்க்கட்சியினர் பெரிய எண்ணைச் சொல்வார்கள். அமைச்சர் எழுந்து சிறிய எண்ணைச் சொல்வார். இரண்டும் உண்மையே என்பதால் விவாதம் அங்கேயே சுற்றும்.

இதைவிடப் பயனுள்ள அளவுகோல் இரண்டு ஆண்டுகளுக்கு மேல் காத்திருப்போர் எண்ணிக்கை. 2022 மார்ச்சில் அது ஏறத்தாழ 70,000 ஆக இருந்தது. 2025 மார்ச் இறுதியில் 10,000க்குக் கீழே வந்தது. கணிசமான குறைவுதான். ஆனால் அதே காலத்தில் இங்கிலாந்தில் இவ்வளவு நீண்ட காத்திருப்பு ஏறக்குறைய ஒழிந்தேவிட்டது.

காரணங்கள் ஒன்றோடொன்று பின்னியவை. நிலக்கரிச் சுரங்கங்கள் மூடப்பட்ட பள்ளத்தாக்குகளில் நாட்பட்ட நோய்கள் மிகுதி. கிளின்கோரூக் என்ற சுரங்க ஊரில் மருத்துவம் பார்த்த ஜூலியன் டியூடர் ஹார்ட், நல்ல மருத்துவம் தேவைக்கு நேர்மாறான விகிதத்திலேயே கிடைக்கிறது என்ற தம் கருத்தை 1971இல் வெளியிட்டார். இன்றும் செனெத்தில் அது அடிக்கடி எடுத்தாளப்படுகிறது. அதே பள்ளத்தாக்குகளில் உள்ளூர் மருத்துவர்கள் வரத் தயங்கிய காலத்தில், இந்தியா, பாகிஸ்தான், இலங்கை ஆகிய நாடுகளிலிருந்து வந்த மருத்துவர்கள்தான் பல பத்தாண்டுகள் ஒற்றை ஆளாக மருத்துவகங்களை நடத்தினார்கள். அவர்கள் ஓய்வுபெற்றபோது ஏற்பட்ட வெற்றிடம் இன்னும் நிரம்பவில்லை. 2024இல் வேல்ஸ் அரசு கேரளத்தோடு ஆள்சேர்ப்பு உடன்பாடு செய்துகொண்டதும் இதன் தொடர்ச்சியே. இன்னொரு பெருங்காரணம் மருத்துவமனையின் பின்வாசலில் இருக்கிறது. குணமடைந்த முதியவரை வீட்டுக்கு அனுப்பப் பராமரிப்பாளர் கிடைக்காததால் படுக்கை காலியாவதில்லை, படுக்கை காலியாகாததால் அவசரப் பிரிவு நகர்வதில்லை, அது நகராததால் ஆம்புலன்ஸ்கள் வாசலிலேயே வரிசையில் நிற்கின்றன.

மருத்துவ வாரியங்கள் எவை? ஒன்று மட்டும் அடிக்கடி பேசப்படுவது ஏன்?

2009 அக்டோபரில் வேல்ஸ் முழுவதும் ஏழு வாரியங்களாகப் பிரிக்கப்பட்டது. இங்கிலாந்தைப் போலச் சிகிச்சையை விலைக்கு வாங்கும் அமைப்பு வேறு, வழங்கும் அமைப்பு வேறு என்ற பிரிவினை இங்கே கைவிடப்பட்டு, எல்லாவற்றுக்கும் ஒரே வாரியம் பொறுப்பேற்றது. வடக்கு வேல்ஸ் முழுவதையும் கவனிக்கும் பெட்சி கட்வாலடர் வாரியம் 2015 ஜூனில் அரசின் சிறப்புக் கண்காணிப்பில் வைக்கப்பட்டு, 2020 நவம்பரில் அதிலிருந்து விடுவிக்கப்பட்டு, 2023 பிப்ரவரியில் மறுபடியும் அதே நிலைக்குத் தள்ளப்பட்டது. 2021 தேர்தலுக்குச் சில மாதங்கள் முன்பு விடுவித்தது அரசியல் கணக்கு என்று அப்போதைய எதிர்க்கட்சிகள் தொடர்ந்து சொல்லிவந்தன. அன்றைய அரசு அதை மறுத்தது. வாரியம் அளவுக்கு மீறிப் பெரியது, இரண்டாக உடைக்க வேண்டும் என்பது வடக்கு உறுப்பினர்கள் சிலரின் வாதம்.

இதைவிடக் குறைவாகப் பேசப்படும் பொவிஸ் வாரியத்தின் நிலை இன்னும் விசித்திரமானது. அங்கே பெரிய பொது மருத்துவமனை ஒன்றுகூட இல்லை. மக்கள் எல்லை தாண்டி இங்கிலாந்தின் ஷ்ரூஸ்பரிக்கும் ஹியர்ஃபர்டுக்கும் செல்கிறார்கள், வாரியம் கட்டணம் செலுத்துகிறது. 2025இல் பணம் போதாத நிலையில், தன் நோயாளிகளுக்கு வேல்ஸின் காத்திருப்புக் கால அளவிலேயே சிகிச்சை அளித்தால் போதும் என்று அந்த இங்கிலாந்து மருத்துவமனைகளை வாரியம் கேட்டுக்கொண்டது. மருத்துவர் தயார், படுக்கையும் தயார், ஆனாலும் காத்திருங்கள் என்று சொல்லப்பட்ட நோயாளிகளின் கடிதங்கள் அவையில் எழுப்பிய கொதிப்பை எந்த அமைச்சர் பதிலும் தணிக்கவில்லை.

மருந்து இலவசம், பல்லுக்கு மட்டும் ஏன் கட்டணம்?

வேல்ஸில் 2007 ஏப்ரல் 1 முதல் மருத்துவர் எழுதித்தரும் மருந்துகளுக்குக் கட்டணம் இல்லை. ஐக்கிய இராச்சியத்தில் முதலில் அதை நீக்கியது வேல்ஸ்தான். பல் சிகிச்சைக்கோ 2024 ஏப்ரலில் கட்டணம் உயர்த்தப்பட்டு, பரிசோதனை நிலைக்கு 20 பவுண்டு, சொத்தை அடைத்தல் போன்றவற்றுக்கு 60 பவுண்டு, பல் தொப்பி, பொய்ப்பல் போன்றவற்றுக்கு 260 பவுண்டு என்றானது. 18 வயதுக்குட்பட்டோர், கருவுற்ற பெண்கள், குறிப்பிட்ட உதவித்தொகை பெறுவோர் ஆகியோருக்கு விலக்கு உண்டு.

இந்த வேறுபாட்டின் வேர் வேல்ஸ் மண்ணிலேயே இருக்கிறது. ட்ரெடீகர் சுரங்கத் தொழிலாளர்கள் கூலியில் சிறு தொகை பிடித்து நடத்திய மருத்துவ உதவிச் சங்கத்தைப் பார்த்து வளர்ந்தவர் அனைரின் பெவன். எப்பு வேல் தொகுதியின் உறுப்பினரான அவர் சுகாதார அமைச்சராக இருந்து 1948 ஜூலை 5 அன்று தேசிய சுகாதார சேவையைத் தொடங்கிவைத்தார். தொடங்கியதும் மக்கள் முதலில் முண்டியடித்தது பொய்ப்பல்லுக்கும் மூக்குக் கண்ணாடிக்கும்தான். அதுவரை பொறுத்துக்கொண்ட வலி அவ்வளவு. செலவு கட்டுக்கடங்காமல் போகவே, நிதியமைச்சர் ஹியூ கெய்ட்ஸ்கெல் 1951 வரவு செலவுத் திட்டத்தில் அவ்விரண்டுக்கும் பாதி விலை வசூலிக்க முடிவுசெய்தார். அதை எதிர்த்துப் பெவன் ஏப்ரலில் அமைச்சர் பதவியை விட்டு விலகினார். மறு ஆண்டு, அடுத்து வந்த அரசு மருந்துக்கும் பல் சிகிச்சைக்கும் பொதுவாகவே கட்டணம் விதித்தது. மருந்துக் கட்டணத்தை வேல்ஸ் நீக்கிவிட்டது, பல் கட்டணம் நிலைத்துவிட்டது. செனெத்தில் எல்லாக் கட்சியினரும் பெவன் பெயரைச் சொல்கிறார்கள். அவர் எதற்காகப் பதவியைத் துறந்தாரோ அந்தக் கட்டணத்தை உயர்த்தும் அறிக்கையைப் படிக்கும்போது மட்டும் யாரும் சொல்வதில்லை.

பொதுச் சேவையில் பல் மருத்துவர் கிடைக்காதது ஏன்?

2006இல் இங்கிலாந்துக்கும் வேல்ஸுக்கும் சேர்த்துக் கொண்டுவரப்பட்ட ஒப்பந்தம்தான் முதன்மைக் காரணம் என்பதில் எல்லாத் தரப்புக்கும் ஏறக்குறைய உடன்பாடு உண்டு. அதன்படி மருத்துவர் ஆண்டுக்கு இத்தனை ‘பல் சிகிச்சை அலகுகள்’ செய்து முடிக்க வேண்டியிருந்தது. பரிசோதனைக்கு ஓர் அலகு, அடைப்புக்கு மூன்று, பொய்ப்பல் போன்ற பெரிய வேலைக்குப் பன்னிரண்டு என்பது தொடக்க காலக் கணக்கு. இதில் சிக்கல் எங்கே என்றால், ஒரு பல்லை அடைத்தாலும் மூன்று அலகுதான், ஆறு பற்களை அடைத்தாலும் மூன்று அலகுதான். பத்தாண்டுகளாக மருத்துவரைப் பார்க்காமல் வாய் முழுக்கச் சொத்தையோடு வரும் ஒருவருக்கு மருத்துவர் பல மணி நேரம் செலவிட்டாலும், வருவது ஒரே அடைப்புக்கான ஊதியமே. யாருக்குச் சிகிச்சை மிகவும் தேவையோ அவரைச் சேர்த்துக்கொள்வதே மருத்துவருக்கு நட்டம். இலக்கை எட்டாவிட்டால் வாங்கிய பணத்தைத் திருப்பித்தர வேண்டியிருந்தது.

இன்னொன்றும் பலருக்குத் தெரிவதில்லை. அந்த ஒப்பந்தத்தோடு பல் மருத்துவரிடம் பதிவுசெய்துகொள்வது என்ற சட்ட ஏற்பாடே போய்விட்டது. மருத்துவரின் கடமை அந்தச் சிகிச்சை முடியும்வரைதான். முப்பது ஆண்டுகளாக ஒரே மருத்துவகத்துக்குப் போய்வந்தவருக்கு, இனிப் பொதுச் சேவை நோயாளிகளைப் பார்ப்பதில்லை என்று ஒரு கடிதம் வந்தால் அவர் புகார் செய்ய இடமில்லை. உறுப்பினர்கள் அவையில் வாசித்துக்காட்டும் தொகுதிக் கடிதங்களில் மிகுதியானவை இத்தகையவையே. பணம் இல்லாதவர்கள் வலி முற்றியதும் அவசர எண்ணை அழைக்கிறார்கள். சிலர் கடையில் விற்கும் தற்காலிக அடைப்புப் பசையை வாங்கித் தாங்களே பூசிக்கொள்கிறார்கள்.

பல் மருத்துவக் கல்லூரி வேல்ஸில் ஒன்றே ஒன்று, கார்டிஃபில் இருக்கிறது. படித்து முடிப்பவர்கள் நகரத்தைச் சுற்றியே தங்கிவிடுவதால் வடக்கில் பாங்கரிலும் ஒரு கல்லூரி வேண்டும் என்ற கோரிக்கை தொடர்ந்து எழுகிறது.

2026 ஒப்பந்தம் எதை மாற்றுகிறது?

அலகு முறையை ஒழித்து, நோயாளியின் தேவைக்கேற்ற சிகிச்சைத் தொகுப்புகளுக்கு ஊதியம் தரும் புதிய ஒப்பந்தத்தை 2026 ஏப்ரலில் நடைமுறைப்படுத்தப்போவதாக வேல்ஸ் அரசு அறிவித்தது. இடம் தேடுவோர் ஒவ்வொரு மருத்துவகமாகத் தொலைபேசியில் அழைத்து அலைவதற்குப் பதில், ஒரே இணைய வாயிலில் பெயர் பதிந்து முறைவரும்வரை காத்திருக்கும் ஏற்பாடும் அதற்கு முன்பே தொடங்கப்பட்டிருந்தது. வாய் நலமாக இருப்பவர்களை ஆறு மாதத்துக்கு ஒருமுறை அழைப்பதை நிறுத்தி, அந்த நேரத்தைப் புதியவர்களுக்குத் தருவது அரசின் எண்ணம். பெரியவர்களின் வாய் நலமாக இருந்தால் பரிசோதனை இடைவெளி 24 மாதம்வரை இருக்கலாம் என்பது மருத்துவ வழிகாட்டுதலில் உள்ளதுதான்.

பல் மருத்துவர் சங்கம் இதைக் கடுமையாக விமர்சித்தது. வழக்கமான நோயாளிகளோடுள்ள உறவு அறுந்துபோகும், மொத்தப் பணத்தைக் கூட்டாமல் பங்கீட்டை மட்டும் மாற்றினால் மேலும் பலர் வெளியேறுவார்கள் என்பது அதன் வாதம். இந்தப் பக்கத்தை எழுதுபவரின் கருத்தில், அலகு முறையைக் கைவிட்டது சரி, இருபது ஆண்டுகள் எடுத்துக்கொண்டது தவறு. துறை 1999 முதல் கார்டிஃபிடம்தான் இருந்தது. இதில் லண்டனைக் கைகாட்ட வழியில்லை.

குழந்தைகளின் பற்களுக்குத் தனித் திட்டம் உண்டா?

உண்டு. ‘டிசைன்ட் டு ஸ்மைல்’ என்ற திட்டத்தின்கீழ் வறுமை மிகுந்த பகுதிகளின் மழலையர் பள்ளிகளில் குழந்தைகள் ஆசிரியர் முன்னிலையில் அன்றாடம் பல் துலக்குகிறார்கள், ஃபுளோரைடு பூச்சும் இடப்படுகிறது. எல்லாக் கட்சிகளும் பாராட்டுவதால் இதைப் பற்றி அவையில் அதிகம் பேசப்படுவதில்லை.

வேல்ஸ் ரயில்கள் யாருடையவை?

2003 முதல் 2018 வரை அரைவா என்ற நிறுவனமும், அதன்பின் கியோலிஸ் ஏமி என்ற கூட்டு நிறுவனமும் நடத்தின. பெருந்தொற்றில் பயணச்சீட்டு வருவாய் சரிந்த பிறகு, 2021 பிப்ரவரி 7 அன்று வேல்ஸ் அரசுக்குச் சொந்தமான டிரான்ஸ்போர்ட் ஃபார் வேல்ஸ் பொறுப்பேற்றது. கார்டிஃபுக்கு வடக்கே பள்ளத்தாக்குகளுக்குச் செல்லும் பாதைகள் மட்டும் அதற்கு முன்பே, 2020 மார்ச்சில், நெட்வொர்க் ரெயிலிடமிருந்து வேல்ஸ் வசம் மாற்றப்பட்டிருந்தன. லண்டனிலிருந்து கார்டிஃப், ஸ்வான்சீ செல்லும் விரைவு வண்டிகளில் வேல்ஸ் அரசுக்குப் பங்கில்லை. ஆகவே ஒரே நடைமேடையில் வந்து நிற்கும் இரண்டு வண்டிகளில் ஒன்றின் தாமதத்துக்குக் கார்டிஃபும் மற்றொன்றின் தாமதத்துக்கு லண்டனும் பதில் சொல்ல வேண்டும். சிக்னல் பழுதால் இரண்டுமே தாமதமானால் அது நெட்வொர்க் ரெயிலின் பொறுப்பு.

எச்.எஸ்.2 பாதை வேல்ஸுக்குள் வரவே இல்லையே, அதைப் பற்றி ஏன் இவ்வளவு சண்டை?

வராததுதான் சண்டைக்குக் காரணம். லண்டனிலிருந்து பர்மிங்காமுக்கு அமைக்கப்படும் இந்த அதிவேகப் பாதையில் ஓர் அடிகூட வேல்ஸில் இல்லை. ஆயினும் லண்டன் கருவூலம் அதை ‘இங்கிலாந்து மற்றும் வேல்ஸ்’ திட்டம் என்று வகைப்படுத்தியிருக்கிறது. ரயில் கட்டமைப்பு வேல்ஸுக்கு ஒப்படைக்கப்படவில்லை என்பது சட்ட விளக்கம். ஒப்படைக்கப்பட்ட ஸ்காட்லாந்துக்கும் வட அயர்லாந்துக்கும் பார்னெட் சூத்திரப்படி பங்குத்தொகை போகிறது, வேல்ஸுக்கு இல்லை. இத்திட்டத்தின் எடை கூடக்கூட, போக்குவரத்துத் துறைச் செலவில் வேல்ஸ் பங்கைக் கணக்கிடும் விகிதம் 2015இல் 80.9 விழுக்காடாக இருந்தது, 2021இல் 36.6 ஆகச் சரிந்தது.

செனெத்தில் கட்சி வேறுபாடின்றி எழும் குரல் இது ஒன்றுதான் எனலாம். வெஸ்ட்மின்ஸ்டரின் வேல்ஸ் விவகாரக் குழுவே, கன்சர்வேட்டிவ் உறுப்பினர் ஒருவரின் தலைமையில், 2021இல் இதை இங்கிலாந்துக்கு மட்டுமான திட்டமாக மாற்ற வேண்டும் என்று பரிந்துரைத்தது. அப்போதைய கன்சர்வேட்டிவ் அரசு ஏற்கவில்லை. எதிர்க்கட்சியாக இருந்தபோது இக்கோரிக்கையை ஆதரித்த லேபர் தலைவர்கள் 2024இல் லண்டனில் ஆட்சிக்கு வந்த பிறகும் வகைப்பாடு மாறவில்லை. அப்போது கார்டிஃபிலும் லேபர் ஆட்சியே என்பதால் செனெத்தில் எதிர்க்கட்சிகள் இதை விடாமல் பிடித்துக்கொண்டன. 2025 ஜூனில் வேல்ஸ் ரயில்களுக்கு 44.5 கோடி பவுண்டு ஒதுக்குவதாக லண்டன் அறிவித்தது. அப்போதைய முதலமைச்சர் எலுனெட் மோர்கன் அதை வரவேற்றார். ஆண்டுகள் பலவற்றுக்குப் பிரித்துப் பார்த்தால் அது சில்லறை என்றது வேல்ஸ் தேசியக் கட்சியான பிளைட் கம்ரி. வேல்ஸின் வாதத்தில் நியாயம் இருக்கிறது என்றே தோன்றுகிறது, ஏனெனில் பயன் இல்லாத இடத்தைச் செலவில் மட்டும் சேர்த்துக்கொள்ளும் கணக்கை வேறெந்தத் துறையிலும் யாரும் ஒப்புக்கொள்ள மாட்டார்கள்.

இதற்கு முன்பே ஒரு காயம் உண்டு. லண்டன்–ஸ்வான்சீ பாதை முழுவதும் மின்மயமாகும் என்று வாக்களிக்கப்பட்டிருந்தது. 2017 ஜூலையில் கார்டிஃபுக்கு அப்பால் மின்மயமாக்கும் பணி கைவிடப்பட்டது.

தெற்கு வேல்ஸ் மெட்ரோவால் என்ன மாறியது?

தண்டவாளமும் வண்டியும் ஒரே கையில் இருந்தால் என்ன நடக்கும் என்பதற்கு இதுவே சான்று. ட்ரெஹெர்பர்ட், அபெர்டேர், மெர்த்தர் டிட்வில், ரிம்னி ஆகிய ஊர்களுக்கான ஏறத்தாழ 170 கிலோமீட்டர் பாதை மின்மயமாக்கப்பட்டது. தாழ்வான பழைய பாலங்களையெல்லாம் இடித்துக் கட்டுவதற்குப் பதிலாக, அவற்றின்கீழ் மின்கம்பி இல்லாமலேயே வண்டி தன் மின்கலத்தில் ஓடும்படி வடிவமைத்தார்கள். 2024 நவம்பரில் முதல் மின்வண்டிகள் பயணிகளோடு ஓடின. ஆனால் செலவு முதலில் சொன்ன 73.8 கோடி பவுண்டைத் தாண்டி 100 கோடிக்கு மேல் போனது. ட்ரெஹெர்பர்ட் பாதையை 2023 ஏப்ரலிலிருந்து 2024 பிப்ரவரிவரை முழுதாக மூடி, மாற்றுப் பேருந்துகளை ஓட்டினார்கள். ரொண்டா பள்ளத்தாக்கு மக்கள் அந்தப் பத்து மாதங்களை எளிதில் மறக்க மாட்டார்கள்.

பழைய நிலை எப்படி இருந்தது என்பதற்கு ஒரு காட்சி போதும். செனெத் கட்டடத்திலிருந்து நடந்துபோகும் தொலைவிலுள்ள கார்டிஃப் விரிகுடா நிலையத்துக்கு, 1960இல் செய்யப்பட்ட ஒற்றைப் பெட்டி டீசல் வண்டி ஒன்றுதான் 2013வரை போய்வந்துகொண்டிருந்தது. ரயில் நவீனமயம் பற்றி உள்ளே அவை விவாதித்த காலமெல்லாம் வெளியே அது ஓடிக்கொண்டுதான் இருந்தது.

பணம் சொந்தக் கையிலிருந்து போட்டதால் வந்த பலனுக்கு எப்பு வேல் என்ற ஊரையும் உதாரணமாகச் சொல்லலாம். பெவனின் அந்தத் தொகுதிக்குப் பல பத்தாண்டுகள் பயணிகள் ரயிலே இல்லை. 2008 பிப்ரவரியில் மறுபடி வந்தது.

வடக்கிலிருந்து தெற்குக்கு ரயிலில் போக முடியாதா?

போகலாம், ஆனால் இங்கிலாந்து வழியாக. கார்டிஃபிலிருந்து ஹோலிஹெட் செல்லும் வண்டி ஹியர்ஃபர்டையும் ஷ்ரூஸ்பரியையும் கடந்து, ஏறக்குறைய ஐந்து மணி நேரத்தில் போய்ச் சேரும். மேற்குக் கரையோரம் கார்மார்த்தனையும் ஆபரிஸ்ட்வித்தையும் இணைத்த பாதை 1965இல் பயணிகளுக்கு மூடப்பட்டது. அதைத் திறக்கக் கோரும் உறுப்பினர்கள் ஒவ்வொரு செனெத்திலும் உண்டு. மக்கள் அடர்த்தி குறைந்த பகுதி என்பதால் செலவுக்கு ஈடான பயணிகள் கிடைப்பார்களா என்பது ஐயமே. பேருந்தை ஒழுங்காக ஓட்டினால் பாதிக் கோரிக்கை தணிந்துவிடும்.

எதிர்க்கட்சித் தீர்மானம் வென்றால் அரசு அதன்படி நடக்க வேண்டுமா?

சட்டப்படி வேண்டியதில்லை. நிதிநிலை அறிக்கையோ சட்ட வரைவோ தோற்றாலும், அரசின்மீது நம்பிக்கை இல்லை என்று அவை தீர்மானித்தாலும் மட்டுமே அரசுக்கு ஆபத்து. மற்றத் தீர்மானங்கள் அவையின் கருத்து மட்டுமே. எதிர்க்கட்சித் தீர்மானம் அப்படியே வெல்ல அரசு பெரும்பாலும் விடுவதும் இல்லை. ‘அனைத்தையும் நீக்கிவிட்டுக் கீழ்வருமாறு மாற்றுக’ என்று தொடங்கும் திருத்தம் ஒன்றை அரசு தாக்கல் செய்யும். பல் மருத்துவ நெருக்கடியைக் கண்டித்த தீர்மானம், மாலை வாக்கெடுப்பு முடியும்போது பல் மருத்துவத்தில் அரசின் முயற்சிகளை வரவேற்கும் தீர்மானமாக நிறைவேறியிருக்கும். முதன்முறை படிப்பவர்கள் திகைப்பது இயல்பு. வாக்கு விவரத்தில் மூலத் தீர்மானத்துக்கு யார் எப்படி வாக்களித்தார்கள் என்பதைத் தனியே பார்த்தால் தெளிவாகும்.

2026 தேர்தலோடு அவை எப்படி மாறியது?

உறுப்பினர் எண்ணிக்கை 60இலிருந்து 96 ஆக உயர்த்தப்பட்டது. 16 தொகுதிகள், ஒவ்வொன்றுக்கும் ஆறு உறுப்பினர்கள். வாக்காளர் கட்சிக்கே வாக்களிப்பார், யார் வெல்வது என்பதைக் கட்சிப் பட்டியலின் வரிசை தீர்மானிக்கும். அமைச்சர்களையும் அவைத்தலைவரையும் கழித்தால் குழுக்களில் உட்காரப் போதிய ஆட்களே இல்லை என்பது அதிகரிப்புக்கான காரணம், அது உண்மையும்கூட. ஒரே உறுப்பினர் காலையில் சுகாதாரக் குழுவிலும் மாலையில் ரயில் விசாரணையிலும் இருந்தால் இரண்டையும் அரைகுறையாகத்தான் படித்திருப்பார். பணத்தை மருத்துவருக்கும் செவிலியருக்கும் செலவிடலாமே என்று எதிர்த்தவர்களின் வாதத்துக்குத்தான் தெருவில் கைதட்டு அதிகம்.

பொதுமக்கள் இந்த விவாதங்களில் எப்படிப் பங்கெடுக்கலாம்?

செனெத்தின் இணையதளத்தில் மனு தொடங்கலாம். 250 கையொப்பம் சேர்ந்தால் மனுக்குழு எடுத்துக்கொள்ளும், 10,000 சேர்ந்தால் முழு அவை விவாதத்துக்குப் பரிசீலிக்கப்படும். தனிப்பட்ட சிகிச்சைக் குறை என்றால் மனுவைவிடத் தொகுதி உறுப்பினருக்கு எழுதுவதே விரைவான வழி. உறுப்பினர் வாரியத்துக்கு எழுதினால் பதில் வந்தே தீரும். ரயில் தாமதத்துக்கான இழப்பீட்டை வண்டி இயக்கிய நிறுவனத்திடம் நேரே கோர வேண்டும், சீட்டை எறிந்துவிடக் கூடாது. அவை நடவடிக்கைகளை நேரலையிலும் பதிவாகவும் பார்க்கலாம். எழுத்துக் குறிப்பு வேல்ஸ் மொழியிலும் ஆங்கிலத்திலும் வெளியாகிறது. பேச்சாளரின் பெயரைக் கொண்டு தேடினால், ஓர் உறுப்பினர் பல் மருத்துவத்தைப் பற்றி ஐந்தாண்டுகளில் என்னென்ன பேசினார் என்பதை ஒரே மாலையில் படித்துவிடலாம்.